சின்னப் பெட்டிக்குள் ஒரு 3050: நாலு மாத அனுபவம்

எங்கள் ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கும் ஷோகேஸ் தட்டின் உயரம் பதினொன்றரை சென்டிமீட்டர். ஒல்லி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டு கேம் ஆடும் இந்த விமர்சனத்தில் வரும் முடிவுகளில் பாதியை அந்தத் தட்டுதான் எடுத்தது.

திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க டாலி, ஜிஎஸ்டி போர்ட்டல். ராத்திரி பத்து மணிக்கு மேல் கொஞ்சம் ஜிடிஏ. வயது நாற்பத்தொன்று. "இந்த வயசுல என்னங்க துப்பாக்கி விளையாட்டு" என்று கேட்டுக் கேட்டு வீட்டில் ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கண்ணாடியும் கலர் லைட்டுமாக மினுக்கும் பெரிய கேபினெட் எதுவும் ஹாலுக்குள் வரக்கூடாது. தையல் மெஷின் இருக்கும் மூலையும் கைவைக்கக் கூடாத இடம். மிச்சம் இருந்தது அந்தத் தட்டு.

ஆகவே பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர். ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு லாட்டாகத் தள்ளிவிடுகிற ஒல்லிப் பெட்டிகள் இருக்கிறதே, அதில் ஒன்று. தடிமன் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம், அகலமும் நீளமும் ஒரு அடிக்குள். படுக்கப் போட்டால் தட்டில் கச்சிதமாக உட்காருகிறது. தட்டின் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டேன், சூடு வெளியே போக வேண்டுமல்லவா. உள்ளே இன்டெல் ஐ5-8500. 2018-ல் வந்தது, ஆறு கோர். இதே பெட்டியில் ஏழாம் தலைமுறை சிப் போட்டது இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது. ஆனால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இரண்டாயிரத்துக்குப் பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று எட்டாவதையே எடுத்தேன். வேலரண்ட் மாதிரி ஆட்டங்கள் விண்டோஸ் 11-ல் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இருக்கிறதா என்று வேறு பார்க்கின்றன. அக்கா பையன் ஆடுவது அதைத்தான்.

பெட்டி 13,500 ரூபாய். ரேம் 8 ஜிபி, ஒரே குச்சி.

இங்கே நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்தில் எட்டு பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கார்டு வாங்காதீர்கள். இரண்டாவது ரேம் குச்சியை வாங்குங்கள்.

சமயபுரம் டோல்கேட்டில் தீபாவளிக்கு முதல்நாள் ஒரே ஒரு கவுண்டர் மட்டும் திறந்திருந்தால் எப்படி இருக்கும்? ஒற்றைக் குச்சியில் ஓடும் கம்ப்யூட்டர் அப்படித்தான். டிடிஆர்4-2666 ரேம் ஒரு சேனலில் (அதுதான் கவுண்டர்) நொடிக்கு ஏறக்குறைய 21 ஜிபி தரவைக் கடத்தும். ஒரே மாதிரி இரண்டு குச்சியைச் சரியான இரண்டு ஸ்லாட்டில் செருகினால் 42-ஐத் தாண்டும். வண்டி அதே, ரோடு அதே, கவுண்டர் மட்டும் இரண்டு. தனி கார்டு இல்லாமல் சிப்பிலேயே இருக்கும் யுஎச்டி 630 கிராஃபிக்ஸை நம்பி ஆடும்போது இது முகத்தில் அறைந்த மாதிரி தெரியும். அதற்குச் சொந்த மெமரி கிடையாது, பிராசசரும் அதுவும் ஒரே பாத்திரத்தில்தான் சாப்பிட வேண்டும். கார்டு வாங்கும் முன் வேலரண்ட்டைக் குறைந்த செட்டிங்ஸில் போட்டுப் பார்த்தேன். ஒரு குச்சியில் ஐம்பதுக்குப் பக்கத்தில் தடுமாறிய ஃப்ரேம் (திரையில் நொடிக்கு மாறும் படங்களின் எண்ணிக்கை), இரண்டில் எழுபதைத் தாண்டி நின்றது. "மாமா, கார்டே போட்டுட்டீங்களா?" என்றான் பையன். ஆன செலவு 1,300 ரூபாய்.

கார்டு போட்ட பிறகும் பலன் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. சராசரி ஃப்ரேம் பெரிதாக ஏறவில்லை. ஜிடிஏ-வில் நெரிசலான சிக்னலில் காரைத் திருப்பும்போது சட்டென்று விக்கும் பாருங்கள், அந்த விக்கல்தான் பெருமளவு போனது. யூடியூபில் சராசரியை மட்டும் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்த 1,300-க்கு முன்னால் ஒரு 1,100 ரூபாய்க் கதை இருக்கிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூர் இறங்கி, ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். போவதென்றால் வேலைநாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஷட்டர்தான். நரசிங்கபுரம் தெருவிலிருந்து மீரான் சாகிப் தெரு வரை நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் 8 ஜிபி குச்சிக்கு 1,300, 1,400 என்று சொல்ல, மாடியில் ஒரு சின்னக் கடையில் மட்டும் 16 ஜிபி குச்சியே 1,100 என்றார்கள். "சார், நல்ல கம்பெனி சார், டிடிஆர்4 தான், கண்ணை மூடிட்டு போடுங்க." கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் ஸ்லாட்டில் அழகாக உட்காருகிறது. பவர் பட்டனை அழுத்தினால் திரை இருட்டு, பெட்டியிலிருந்து பீப் பீப் என்று ஓலம். இரண்டு நாள் ஸ்லாட் மாற்றி மாற்றிப் போட்டு, ரப்பர் வைத்துத் தேய்த்து, ஊதி, கடைசியில் லேபிளைப் படித்தேன். பிசி4-2400டி என்று எழுதி அதற்குப் பின்னால் ஒரு 'ஆர்'. அது சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம். டெஸ்க்டாப் குச்சிக்கு இருக்கும் அதே 288 பின், அதே வெட்டு, ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டு அதை ஏற்காது. நமக்கு வேண்டியதில் அந்த இடத்தில் 'யு' இருக்கும். கடைக்குப் போன் போட்டேன். "பில் இல்லாம வாங்கினது திரும்ப எடுக்க மாட்டோம் சார்." ஊருக்கெல்லாம் பில் கேட்டு வாங்கச் சொல்கிற ஆடிட்டர் ஆபீஸ்காரன் நான்.

லேபிள் படிக்கக் கற்றதில் இன்னும் இரண்டு விஷயம் கிடைத்தது. 1ஆர்x8, 2ஆர்x8, 1ஆர்x16 என்று ஒரு எழுத்துக்கோவை இருக்கும். x16 என்று இருந்தால் தவிர்க்கலாம். உள்ளே பேங்க் குரூப், அதாவது மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள், பாதிதான், அதனால் கொஞ்சம் மந்தம். x8 நல்லது. அடுத்தது வேகம். ஐ5-8500 ஏற்பது 2666 வரைதான், இந்த ஆபீஸ் போர்டுகளில் அதற்கு மேல் தட்டிவிடவும் வழியில்லை. 3200 குச்சியைப் போட்டாலும் அது 2666-ல்தான் ஓடும். ஒரே விலைக்குக் கிடைத்தால் 3200 வாங்குங்கள், கூடுதலாக நூறு ரூபாய்கூடத் தராதீர்கள்.

இரண்டு 8 சேர்த்து 16 ஜிபி. குரோமில் பத்து டேப், பின்னால் டாலி, முன்னால் ஆட்டம் என்று வைத்தாலும் போதுகிறது. என் போர்டில் நாலு ஸ்லாட், ஆகவே இன்னொரு ஜோடி போட்டு 32 ஆக்கலாம் என்று ஜூலையில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் ரேம் கம்பெனிகள் ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் சாய்ந்துவிட, 2025 கடைசியில் விலை எகிறிவிட்டது. அதே குச்சிக்கு இப்போது இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். 16-லேயே இருந்துகொள்கிறேன்.

இனி கார்டு.

ஒல்லிப் பெட்டியில் கார்டு தேர்வு என்பது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது மாதிரி என்று நினைத்துப் போனால், ஜாதகம் பொருந்துவதே நாலைந்துதான். முதல் பொருத்தம் உயரம். அரை உயர கார்டு, அதாவது பலகையின் உயரம் 69 மில்லிமீட்டருக்குள். இரண்டாவது மின்சாரம். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், அவ்வளவுதான். இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி வயரே வராது. சப்ளையை மாற்றலாமே என்றால், அதன் வடிவமும் பிளக்கும் கம்பெனியின் சொந்த அளவு, கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் (சாதாரண பவர் சப்ளை) உள்ளே போகாது. ஆக, ஆர்டிஎக்ஸ் 4060-ல் அரை உயர மாடல் இருக்கிறதே என்று ஆசைப்பட்டுப் புண்ணியமில்லை. அதற்கு 115 வாட் வேண்டும்.

மிஞ்சியவற்றில் முதலில் பார்த்தது ஜிடிஎக்ஸ் 1650. 2019 கார்டு, 4 ஜிபி, 75 வாட். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பியிடம் இருந்ததை ஒரு வாரம் கடன் வாங்கி ஓட்டினேன். ஜிடிஏ-வுக்கு, வேலரண்ட்டுக்கு இது தாராளம். பழையது எட்டாயிரம், எட்டரைக்குக் கிடைத்தது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போட்டபோதுதான் சாயம் வெளுத்தது. டெக்ஸ்சரை (சுவர், தரை மேல் ஒட்டும் படங்களின் தெளிவை) உயர்த்தி வைத்து ஊருக்குள் குதிரையை ஓட்டினால், சுவர்களெல்லாம் மழையில் நனைந்த வால்போஸ்டர் மாதிரி மங்கி, பிறகு ஒவ்வொன்றாகத் தெளிகிறது. கார்டின் சக்தி குறைவாக இருந்தால் செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம். மெமரி பற்றாவிட்டால் விக்கல் வரும். சமையல் மேடையில் இடமில்லை என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் பரணுக்கு ஏறி இறங்குகிற கதை.

அந்தப் பரணுக்கு ஏறும் ஏணிதான் ஆர்எக்ஸ் 6400-ஐ நான் ஒதுக்கியதற்குக் காரணம். 2022-ல் வந்தது, வெறும் 53 வாட், ஒற்றை ஸ்லாட் தடிமனிலும் கிடைக்கும், இந்தப் பெட்டிகளுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். ஆனால் அது போர்டோடு பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்புப் பாதையில் நாலே நாலு லேனில். புதிய போர்டில் நாலாம் தலைமுறை வேகம் இருப்பதால் சமாளிக்கும். என் பெட்டி மூன்றாம் தலைமுறை. நாலு லேன் என்றால் நொடிக்கு 4 ஜிபி. கார்டின் உள்மெமரியோ நொடிக்கு 128 ஜிபி வேகம். 4 ஜிபி மெமரி நிரம்பி வழிந்த கணத்தில் 128-லிருந்து 4-க்கு விழ வேண்டும். போதாததற்கு வீடியோ என்கோடரும் கிடையாது, பையன் ஆடுவதை ரெக்கார்டு செய்ய நினைத்தால் பிராசசர் தலையில்தான் விடியும். புதிய போர்டு வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம். பழைய ஆபீஸ் பெட்டிக்கு வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், கடைக்காரர்கள் பழைய பெட்டிக்குத்தான் இதைச் சிபாரிசு செய்கிறார்கள்.

இன்டெல் ஆர்க் ஏ380 விலைக்கு நல்ல சரக்கு, 6 ஜிபி. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் அணுக விடுவது) போர்டில் இல்லாவிட்டால் அது நொண்டும். இன்டெல் அதற்குக் கேட்பது பத்தாம் தலைமுறையும் அதற்கு மேலும். எனக்கு இரண்டு தலைமுறை குறைகிறது. ஆர்டிஎக்ஸ் ஏ2000 என்று வொர்க்ஸ்டேஷன் கார்டு ஒன்று, 70 வாட்டில் 3,328 கோர், இந்த உயரத்தில் ராஜா. பழையதே என் பட்ஜெட்டைத் தாண்டியது. யாராவது மலிவாகக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், பின்னால் இருப்பதெல்லாம் மினி டிஸ்பிளேபோர்ட் என்பதால் டிவிக்கு ஒரு கன்வெர்ட்டர் சேர்த்து.

கடைசியில் வந்து நின்றது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி, அரை உயர மாடல். 18,200 ரூபாய், இந்தத் தடவை பில்லோடு.

இதன் பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2022-ல் வந்த 3050 வேறு. அதில் 8 ஜிபி, 2,560 கோர், மெமரிப் பாதை 128 பிட் அகலம், 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர், 96 பிட், 70 வாட். மெமரி வேகமும் நொடிக்கு 224 ஜிபியிலிருந்து 168 ஆகக் குறைந்தது. மெமரியை மட்டும் குறைத்தார்கள் என்று நினைக்க வைக்கிற பெயர், ஆனால் ஆளே வேறு. பழைய கார்டின் டெஸ்ட் வீடியோவைப் பார்த்துவிட்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான். நியாயமாக இதற்கு 3040 என்றோ வேறு ஏதோ வைத்திருக்க வேண்டும். என்றாலும் அந்த 70 வாட் இல்லாவிட்டால் என் பெட்டிக்குள் இது வந்தே இருக்காது. தனி வயர் வேண்டாம், ஸ்லாட்டில் செருகினால் போதும்.

என்விடியா இந்த கார்டுக்கு 300 வாட் சப்ளை இருக்கச் சொல்கிறது. என்னிடம் இருப்பது 200. பிராசசர் 65, கார்டு 70, எஸ்எஸ்டி, ஃபேன், ரேம் எல்லாம் சேர்த்து முப்பது என்று மனக்கணக்குப் போட்டு, பயத்தோடுதான் மாட்டினேன். சுவரில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்ததில், ஆட்டம் உச்சத்தில் ஓடும்போதும் 150-ஐ ஒட்டித்தான் நின்றது. நாலு மாதமாக ஒரு தடவைகூட அணையவில்லை, மின்வாரியத்தின் ஷட்டவுன் நாட்களைத் தவிர.

மாட்டும்போது இரண்டு இடத்தில் நேரம் போனது. கார்டில் முழு உயர பிராக்கெட்தான் பொருத்தி வருகிறது, அரை உயர பிராக்கெட் டப்பாவுக்குள் தனியாக இருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். குட்டி குட்டித் திருகுகள். ஒன்று தெறித்து தையல் மெஷின் பெட்டிக்குள் விழுந்து, பாபின்களுக்கு நடுவில் தேடி எடுக்க அரைமணி நேரம், கூடவே நாலு வசனம். இன்னொன்று, கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன். என் பெட்டியில் பழைய ஹார்டு டிஸ்க் கூண்டு ஃபேனுக்கு நேர் மேலே உட்கார்ந்து காற்றை மறித்தது. ஹார்டு டிஸ்கையும் கூண்டையும் எடுத்துவிட்டு போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டேன். உங்கள் பெட்டியில் பெரிய ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டி இருந்தால் இரண்டு ஸ்லாட் கார்டு உள்ளே போகவே போகாது. வாங்கும் முன் மூடியைத் திறந்து, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, அது பிரச்சினையாக இருக்காது.

ஆடிப் பார்த்த கதை. டிவி 1080பி. ஜிடிஏ-வில் ஹை செட்டிங்ஸ் வைத்து எண்பது தொண்ணூறு ஃப்ரேம், எனக்கு அதற்கு மேல் வித்தியாசமே தெரியாது. ரெட் டெட் மீடியமும் ஹையும் கலந்து ஐம்பது சொச்சம், டெக்ஸ்சர் மட்டும் அல்ட்ரா. சுவர்கள் மங்குவதில்லை. அந்த இரண்டு ஜிபி கூடுதலுக்குக் கொடுத்த பணம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. எல்டன் ரிங் எப்படியும் அறுபதுக்கு மேல் போகாத ஆட்டம், மீடியத்தில் ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் ஓடுகிறது. நான் சாவது என் கைவரிசையால், கார்டு மேல் பழி போட முடியாது. சைபர்பங்க் 2077-க்கு டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சின்ன அளவில் வரைந்து ஏஐ வைத்துப் பெரிதாக்கும் வசதி) போட்டால்தான் ஆட முடிகிறது. போட்டால் நன்றாகவே ஆட முடிகிறது. இந்த வசதி 1650-ல் கிடையாது. ஒளி விழுவதை நிஜம் மாதிரி கணக்கிடும் ரே டிரேசிங் என்ற பொத்தான் இருக்கிறது, ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு மறந்துவிட்டேன்.

குறை என்றால் சத்தம். கார்டின் ஃபேன் சின்னது என்பதால் சுற்று அதிகம், மெல்லிய விசில். கத்திரி வெயில் வந்தால் என்னாகும் என்று பார்க்க வேண்டும், எங்கள் ஊரில் மே மாதம் ஷோகேஸுக்குள் அப்பளமே பொரியும். இப்போதைக்கு கார்டின் சக்தி வரம்பைப் பத்து சதவீதம் குறைத்து வைத்திருக்கிறேன். ஃப்ரேம் இரண்டோ மூன்றோ போனது, விசில் பாதியாகக் குறைந்தது.

பையனுடைய அப்பா, அதாவது எங்கள் மச்சான், கார்டே இல்லாமல் இதைவிடச் சின்னப் பெட்டியாக வேண்டும் என்கிறார். அவருக்கு நான் சொன்னது ரைசன் 5 8600ஜி மாதிரி கிராஃபிக்ஸ் உள்ளேயே நன்றாக இருக்கும் சிப். ஆனால் அங்கே ரேம்தான் கார்டு. இரண்டு குச்சி கட்டாயம், டிடிஆர்5-ல் கொஞ்சம் வேகமானதாகவே, 32 ஜிபி இருந்தால் நல்லது. ரேம் விலை இப்படி இருக்கும்போது அந்தக் கணக்கு என் கணக்கைவிட மேலே போய்விடுகிறது. "கொஞ்சம் பொறுங்க மச்சான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் கணக்கு இது. பெட்டி 13,500. ரேம் 1,300. எஸ்எஸ்டி 2,900. கார்டு 18,200. வாட் மீட்டர் 850. மொத்தம் 36,750. ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக் கடையின் 1,100-ஐ வாராக்கடன் தலைப்பில் தனியாக எழுதியிருக்கிறேன். தாளைப் பார்த்த வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, தையல் மெஷினுக்கு மோட்டார் எந்தத் தலைப்பில் வரும் என்பதுதான். 1,850 ரூபாய். போன வாரம் மாட்டியாகிவிட்டது.